நிறையின்மையும் நடுநிலைக் கோடும்: ஜூல்ஸ் வேர்ணின் சந்திர நாவல்கள் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானப் புனைகதைகளைப் பற்றிய திறனாய்வுகளில் அடிக்கடி எதிர்ப்படும் கேள்வி, அவற்றிலே கூறப்படும் விஞ்ஞானம் சரியானதா என்பதாகும். சரியெனின் ஆசிரியர் தீர்க்கதரிசி எனப் பாராட்டப்படுவார். பிழையெனின், அவர் காலத்து அறிவின் எல்லை அதுவெனச் சலுகை காட்டப்படுவார். இவ்விரு தீர்ப்புகளும் படைப்பைத் தொடாமலே கடந்து சென்றுவிடுகின்றன. குறிப்பிட்ட ஒரு பிழை ஏன் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் நிகழ்ந்தது என வினவுவதே இலக்கிய மாணவனுக்குரிய பணி. ஜூல்ஸ் வேர்ணின் (1828 - 1905) இரு சந்திர நாவல்களில் உள்ள ஒரு பிழையை அவ்வாறு நோக்க இக்கட்டுரையில் முற்படுகின்றேன். புவிக்கும் சந்திரனுக்கும் இடையே செல்லும் மனிதர் எப்பொழுது தம் நிறையை இழப்பர் என்பது பற்றியது அப்பிழை.

'புவியிலிருந்து சந்திரனுக்கு' 1865 இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான 'சந்திரனைச் சுற்றி' 1869 இல் தொடராகவும் 1870 இல் நூலாகவும் வெளியாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றமையால் தொழிலின்றிப் போன பீரங்கி வல்லுநர்களின் கழகமொன்று போல்ற்றிமோர் நகரிலே கூடுகிறது. கொல்லுவதற்கு எதிரி இல்லாத நிலையில் சந்திரனைக் குறிவைக்கிறது. உலகெங்குமிருந்து 54 இலட்சம் டொலருக்கு மேல் சந்தா திரட்டப்படுகிறது. எந்த நாடு எவ்வளவு கொடுத்தது என்ற விபரத்தை வேர்ண் ஒரு வங்கி எழுத்தரின் நிதானத்தோடு வரிசைப்படுத்துகிறார். ரஷ்யா தாராளமாக வழங்குகிறது. இங்கிலாந்து ஒரு சதமும் கொடுக்கவில்லை. புளோரிடாவில் 900 அடி நீளமான பீரங்கி நிலத்தினுள்ளே செங்குத்தாக வார்க்கப்படுகிறது. 400,000 இறாத்தல் வெடிபஞ்சு அதனுள் இடப்படுகிறது. அலுமினியத்தாலான எறியத்தினுள் கழகத் தலைவர் பாபிக்கேன், அவருடைய பழைய போட்டியாளரான கப்டன் நிக்கொல், பிரெஞ்சுக்காரரான மிஷேல் ஆர்தான் ஆகிய மூவர் அமர்கின்றனர். மெத்தையிட்ட சுவர்கள், சாய்வணைகள், எரிவாயு விளக்கு, திராட்சை மது, இரண்டு நாய்கள், சில கோழிகள் என அனைத்தும் உண்டு. பாரிஸ் நகரத்து வரவேற்பறை ஒன்று அப்படியே மேலே செல்கிறது எனலாம்.

முதல் நாவலிலேயே கேம்பிரிட்ஜ் வானாய்வு நிலையத்தார் அனுப்பும் கடிதத்தில் நமது பிரச்சினை தோன்றிவிடுகிறது. பயணத்தூரத்தின் ஐம்பத்திரண்டில் நாற்பத்தேழு பங்கு கடந்ததும், புவியின் ஈர்ப்பும் சந்திரனின் ஈர்ப்பும் ஒன்றையொன்று சமன் செய்யும் புள்ளியில், எறியம் நிறையற்றதாகிவிடும் என்கிறது கடிதம். இந்தப் பின்னம் வெறும் கற்பனையன்று. வேர்ண் தம் கணக்குகளைக் கணித ஆசிரியரான உறவினர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்தவர். இன்று புவியின் திணிவு சந்திரனுடையதைப் போல் சுமார் 81 மடங்கு என அறிவோம். ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், இரு விசைகளும் சமமாகும் இடம் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தூரத்தில் அமையும். அதாவது சராசரித் தூரமான 384,400 கிலோமீற்றரில் சுமார் 346,000 ஆவது கிலோமீற்றரில். வேர்ணின் கணக்கு இதற்கு மிக அண்மையிலேயே நிற்கிறது.

இரண்டாம் நாவலின் எட்டாம் அத்தியாயத்தில் அந்தப் புள்ளி வந்து சேர்கிறது. நிக்கொலின் கையிலிருந்து நழுவும் கண்ணாடிக் குவளை விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. ஆயுதங்கள், போத்தல்கள் யாவும் விட்ட இடத்திலே நிற்கின்றன. நாயைத் தூக்கி விடுகிறார்கள், அதுவும் மிதக்கிறது. மூவரும் தளத்தைவிட்டு எழுகின்றனர். ஒரு மணி நேரமளவே நீடிக்கும் இக்களியாட்டத்தின் பின், அவர்கள் மெல்லத் தளத்துக்கு இழுக்கப்படுகின்றனர், நிறை திரும்பிவிடுகிறது.

எறியத்தின் உள்ளே நிகழ்வதாகக் கூறப்படும் இவை அனைத்தும் தவறு. பயணிகள் பீரங்கியின் வாயைவிட்டு வெளியேறி, வளிமண்டலத்தின் தடையைக் கடந்த கணமுதல் நிறையற்றவர்களாகவே இருந்திருப்பர். நாம் உணரும் நிறை என்பது ஈர்ப்பு அன்று; நமது வீழ்ச்சியைத் தளம் தடுக்கும்போது அது நம்மீது செலுத்தும் எதிர்விசையையே நிறையாக உணர்கிறோம். தளமும் நம்மோடு சேர்ந்து அதே ஆர்முடுகலுடன் இயங்கினால், அது நம்மைத் தாங்குவதற்கு எதுவுமில்லை. சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் புவியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பு தரைமட்டத்திலுள்ளதன் பத்தில் ஒன்பது பங்களவு உள்ளது. ஆயினும் அங்கு உள்ளோர் மிதக்கின்றனர். 1968 டிசெம்பரில் புளோரிடாவிலிருந்து மூவருடன் புறப்பட்டுச் சந்திரனைச் சுற்றிப் பசிபிக் சமுத்திரத்தில் வந்திறங்கிய அப்பலோ 8, வேர்ணின் கதையை வியக்கத்தக்க அளவு மீளநிகழ்த்தியது. இயந்திரம் இயங்கிய நேரங்கள் நீங்கலாக, அதன் பயணிகள் வழி முழுவதும் நிறையற்றே இருந்தனர். விசைகள் சமமாகும் இடத்தைக் கடந்தபோது அவர்கள் உடலில் உணரக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை.

சமவீர்ப்புப் புள்ளி என்பதே ஓர் எல்லைக்கோடு எனக் கருதுவோர் பின்வருவதையும் எண்ணிப்பார்க்கலாம். சந்திரன் மீது சூரியன் செலுத்தும் ஈர்ப்பு, புவி செலுத்துவதைப் போல் இருமடங்குக்கும் சற்று அதிகம். புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சமவீர்ப்பு எல்லைக்கு வெளியேயே சந்திரன் காலங்காலமாக உலவுகிறது. எனினும் அது புவியைவிட்டு ஓடிவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே சூரியனைச் சுற்றி வீழ்ந்துகொண்டிருக்கின்றன என்பதே காரணம். யார் பலமாக இழுக்கிறார் என்ற கேள்வியைவிட, எவை ஒன்றாக வீழ்கின்றன என்ற கேள்வியே இங்கு முடிவானது.

வேர்ணிடம் வேறு பிழைகளும் உண்டு. அந்தப் பீரங்கியின் நீளத்துக்குள் செக்கனுக்குப் பதினொரு கிலோமீற்றர் வேகத்தை எய்த வேண்டுமாயின், புவியீர்ப்பு ஆர்முடுகலின் இருபதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட ஆர்முடுகல் தேவைப்படும். தண்ணீர் மெத்தை எதுவும் பயணிகளைக் காப்பாற்றியிராது. ஆயின், இது கதையைத் தொடங்குவதற்காகத் தெரிந்தே செய்யப்பட்ட சமரசம். நாவலாசிரியர்கள் எல்லோரும் செய்வதே. நிறையின்மை பற்றிய பிழை அத்தகையதன்று. அதைத் திருத்துவதற்கு வேண்டிய அறிவு முழுவதும் அந்நாவலினுள்ளேயே கிடக்கிறது என்பதுதான் நம்மை நிறுத்திச் சிந்திக்கவைப்பது.

புறப்பாட்டின் அதிர்ச்சியில் 'சற்றலைற்' என்னும் நாய் காயமுற்று இறக்கிறது. அதன் உடலைச் சாளரத்தின் வழியே விரைவாக வெளியே எறிகின்றனர். பின்னர் வெளியே நோக்கும்போது, ஏதோவொன்று எறியத்தோடு கூடவே வந்துகொண்டிருப்பதைக் காண்கின்றனர். அது இறந்த நாயின் உடலே. பாபிக்கேன் தயக்கமின்றி விளக்கமளிக்கிறார்: வெறுவெளியில் எல்லாப் பொருள்களும், அவற்றின் நிறையும் வடிவமும் எவ்வாறிருப்பினும், ஒரே வேகத்தில் வீழும் அல்லது இயங்கும் என்கிறார். விளக்கம் முற்றிலும் சரியானது. அந்த நாய் எறியத்தைச் சார்ந்து நோக்குமிடத்து நிறையற்றதாக மிதக்கிறது. சுவரின் வெளிப்புறத்தே இறந்த நாய்க்குப் பொருந்தும் விதி, சுவரின் உட்புறத்தே மேசையில் அமர்ந்து உணவருந்தும் பாபிக்கேனுக்கு ஏன் பொருந்தவில்லை? பன்னிரண்டு அங்குலத் தடிப்பான உலோகம் இயற்கை விதியை மாற்றிவிடுமா?

மற்றொரு சான்றும் உண்டு. நிறை படிப்படியாகக் குறைந்துவந்ததை விளக்கும்போது, சாதாரணத் தராசு இக்குறைவைக் காட்டாது, ஏனெனில் படிக்கல்லும் அதே அளவு நிறையிழக்கும், வில்தராசே அதைக் காட்டும் என்று வேர்ண் குறிப்பிடுகிறார். எத்துணை நுண்மையான அவதானம்! உண்மையில் எறியத்தினுள்ளே ஒரு வில்தராசு தொங்கியிருப்பின், அது பயணத்தின் முதல் மணித்தியாலத்திலேயே பூச்சியத்தைக் காட்டியிருக்கும். சரியான கருவியின் பெயரைச் சொன்ன ஆசிரியர், அதை மனத்தளவிலேனும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்.

பியர் மாஷெரே 1966 இல் வெளியிட்ட இலக்கிய உற்பத்தி பற்றிய நூலில் வேர்ணுக்கு ஒரு நீண்ட இயலை ஒதுக்கினார். ஒரு படைப்பு தான் சொல்ல முற்படுவதற்கும் அதை உருப்படுத்துவதற்கும் இடையே ஏற்படும் பிளவில்தான் கருத்தியல் வெளிப்படுகிறது என்பது அவர் வாதம். அவர் பெரிதும் எடுத்துக்கொண்டது 'மர்மத் தீவு' என்னும் நாவலை. சந்திர நாவல்களில் அப்பிளவு இறந்த நாய்க்கும் உயிருள்ள பயணிகளுக்கும் இடையே, அந்த உலோகச் சுவரிலேயே ஓடுகிறது என நான் கருதுகிறேன்.

எட்டாம் அத்தியாயத்தில் மிதக்கும் மூவரும் பேசிக்கொள்வதை இப்போது நோக்குவோம். மயக்கமருந்து நோவை நீக்குவதுபோல நிறையையும் நீக்க முடிந்தால் நவீன சமூகத்தின் முகமே மாறிவிடும் என்ற எண்ணம் எழுகிறது. ஆர்தான் அதனைப் பற்றிக்கொள்கிறார்: சுமைகள் இரா, பாரந்தூக்கிகளும் உருளைகளும் வேண்டியதில்லை என்கிறார். உழைப்பின் சுமை ஒழிந்த சமூகத்தின் கனவு ஒரு கணம் நாவலில் எட்டிப்பார்க்கிறது. உடனே தலைவர் பாபிக்கேன் குறுக்கிடுகிறார். நிறை இல்லையேல் எதுவும் தன் இடத்தில் நில்லாது. தலையில் தொப்பி நில்லாது. நிறையினாலேயே ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் வீட்டின் கற்கள் நில்லா. கடலும் வளிமண்டலமுமே இரா என்கிறார். ஆர்தான் சலித்துக்கொள்கிறார், பேச்சு முடிகிறது. சற்று நேரத்தில் நிறையும் திரும்புகிறது.

இவ்வுரையாடலில் நிறை என்பது ஒழுங்கின் பெயராகிவிடுகிறது. நிறையின்மை என்பது இரு ஆட்சிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் கிடைக்கும் விடுமுறை. வேர்ண் அதற்கு இட்ட பெயரும் நோக்கத்தக்கது: 'நடுநிலைக் கோடு' என்கிறார் அவர். அக்காலத்து ஐரோப்பிய இராசதந்திரத்தில் நடுநிலை என்பது அன்றாடச் சொல். அவருடைய இரு நாவல்களுக்கும் இடைப்பட்ட 1867 இல் இலண்டன் உடன்படிக்கை லக்சம்பேர்க்கை வல்லரசுகளுக்கிடையே நடுநிலை நாடாக்கியது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது எனக் கூற நான் முற்படவில்லை. அவ்வாறான நேர்கோட்டுச் சமூகவியல் நம்மிடையே போதிய தீங்கு செய்துவிட்டது. ஆயின், இரு பெரும் ஆட்சிப்புலங்களும், ஒவ்வொன்றினுள்ளும் தடையற்ற அதிகாரமும், இடையே ஒரு மெல்லிய கோடும் என விண்வெளியைக் கற்பனை செய்வது அக்காலத்து வாசகனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாத ஒன்றாயிருந்தது. அக்கற்பனையில் நிறை என்பது நீ எந்த ஆட்சிப்புலத்தில் நிற்கிறாய் என்பதால் தீர்மானிக்கப்படும். எவற்றோடு சேர்ந்து எவ்வாறு இயங்குகிறாய் என்பதால் அன்று.

உறவு ஒன்றைப் பொருளின் இயல்பாகவோ இடத்தின் இயல்பாகவோ காணும் இம்மயக்கம் மார்க்சிய மாணவர்களுக்குப் புதியதன்று. 'மூலதன'த்தின் முதலாம் பாகமும் அதே 1867 இல்தான் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் மார்க்ஸ் சீனிக்கட்டி ஒன்றின் நிறை இரும்புத் துண்டுகளால் அளக்கப்படுவதை மதிப்பின் வெளிப்பாட்டுக்கு உவமையாக எடுக்கிறார். வீடு தலைமேல் சரியும்போது ஈர்ப்பு விதி தன்னை நிலைநாட்டுவதுபோலவே மதிப்பு விதியும் தன்னை நிலைநாட்டுகிறது என்றும் கூறுகிறார். பாபிக்கேனின் வீட்டுக் கற்களையும் மார்க்சின் சரியும் வீட்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுடையது. ஒருவருக்கு வீடு நிற்பதற்கான உத்தரவாதம் நிறை. மற்றவருக்கு வீடு விழும்போதுதான் விதி கண்ணுக்குத் தெரிகிறது. வீழ்ச்சியின் வழியாகவே ஈர்ப்பை அறிய முடியும் என்பதில் மார்க்சின் உவமை வேர்ணின் கணக்கைவிடப் பௌதிகத்துக்கு அண்மையானது.

பொரிஸ் ஹெசன் 1931 இல் இலண்டனில் நிகழ்ந்த விஞ்ஞான வரலாற்று மாநாட்டில், நியூற்றனின் 'பிரின்சிப்பியா'வின் (1687) சமூகப் பொருளாதார வேர்களை ஆராய்ந்தார். பீரங்கிக் குண்டின் பாதை அக்கால யந்திரவியலின் மையப் பிரச்சினைகளுள் ஒன்றாயிருந்ததைச் சுட்டிக்காட்டினார். (ஐந்தாண்டுகளின் பின் அவர் ஸ்ராலின் காலத்துக் களையெடுப்பில் கொல்லப்பட்டார் என்பதை நாம் சொல்லாமல் விடலாகாது.) மிக உயர்ந்த மலையிலிருந்து போதிய வேகத்துடன் சுடப்படும் குண்டு புவியைச் சுற்றி வீழ்ந்துகொண்டே இருக்கும் என்று நியூற்றன் சிந்தித்தார். வேர்ணும் பீரங்கியிலிருந்தே தொடங்குகிறார். ஆனால், நியூற்றன் குண்டின் மேல் ஆளில்லாமல் சிந்தித்தார். வேர்ண் குண்டினுள் மூன்று கனவான்களை அமர்த்தினார். கனவான்கள் அமர்ந்ததும் குண்டு வரவேற்பறையாகிவிட்டது. வரவேற்பறைக்குத் தளம் வேண்டும், மேசையின் மேல் உணவு நிற்கவேண்டும். நான்கு நாளும் அவர்கள் மிதந்துகொண்டேயிருந்தால், நாவலின் சமூக உலகமே கலைந்துபோயிருக்கும்.

எச். ஜி. வெல்சின் 'சந்திரனில் முதல் மனிதர்' (1901) வேர்ணுக்குச் சினமூட்டியது என்பது பிரசித்தம். தான் பௌதிகத்தைப் பயன்படுத்துவதாகவும் வெல்ஸ் புனைந்துரைப்பதாகவும் 1903 இல் ஒரு பேட்டியில் அவர் குறைபட்டார். ஈர்ப்பைத் தடுக்கும் 'கேவரைற்' என்னும் பொருள் கலப்பற்ற கட்டுக்கதைதான். எனினும், வெல்சின் கோளத்தினுள் இருக்கும் இருவரும் அடைப்புகள் மூடிய கணமுதலே மிதக்கின்றனர். பொய்யான காரணத்தைக் கொண்டு வெல்ஸ் எட்டிய அனுபவம், மெய்யான சமன்பாட்டைக் கொண்டு வேர்ண் எட்டியதைவிட உண்மையானது. அத்துடன் நில்லாமல், வியாபாரத்தில் நொடித்துப்போன பெட்ஃபோட் கேவரைற்றைக் கண்டதும் கம்பனிகளையும் ஏகபோகத்தையும் கனவு காண்கிறான். திரும்பும் வழியில் தனித்து மிதக்கையில், தான் பெட்ஃபோட்தானா என்ற ஐயம் அவனை ஆட்கொள்கிறது. சொத்தும் பெயரும் தாங்கிநின்ற தன்னிலை, தளம் நீங்கியதும் தளர்ந்துவிடுகிறது. தங்கக் கட்டிகளோடு ஆங்கிலக் கடற்கரையில் இறங்கிய பின்னரே அவன் பழைய பெட்ஃபோட் ஆகிறான். நிறையின்மையின் சமூக உட்பொருளை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்த பகுதி வேர்ணிடம் இல்லை.

விபரங்களின் துல்லியம் வேறு, யதார்த்தம் வேறு என்பதை இயற்பண்புவாதம், யதார்த்தவாதம் என்னும் சொற்களைக் கொண்டு ஈழத்து முற்போக்கு விமரிசனம் 1960களிலும் 1970களிலும் விரிவாக விவாதித்தது. கிராமத்துப் பேச்சுமொழியை ஒலி பிசகாமல் எழுதியவர்கள் எல்லோரும் யதார்த்தவாதிகள் அல்லர் என அன்று கூறப்பட்டது. பின்னத்தைப் பிசகாமல் எழுதியவர் குறித்தும் அதையே கூற வேண்டியிருக்கிறது.

கொன்ஸ்தாந்தீன் ஸியோல்கோவ்ஸ்கி (1857 - 1935) வேர்ணால் தூண்டப்பட்டவர் என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவர். சிறுவயதில் செங்காய்ச்சலால் கேள்விப்புலனைப் பெரிதும் இழந்த இம்மாகாணப் பாடசாலை ஆசிரியர், 1883 இல் 'சுதந்திர வெளி' என்ற கையெழுத்துப் பிரதியில், தாங்குவது எதுவுமற்ற வெளியில் ஒரு மனிதன் எவ்வாறு இயங்குவான் எனச் சிந்தித்தார். எதையேனும் எறிந்தாலன்றி அவனால் நகர முடியாது எனக் கண்டார்; ரொக்கெற்றின் தத்துவம் அதிலேயே அடங்கியிருக்கிறது. 1920 இல் நூலாக வெளிவந்த அவருடைய 'புவிக்கு அப்பால்' நாவலில், இயந்திரம் நின்றதும் பயணிகள் நிறையற்றவராகின்றனர். அந்நிலையிலேயே வாழவும் பயிர் செய்யவும் பழகுகின்றனர். நிறையின்மை விடுமுறையாக இல்லாமல் வாழ்நிலையாகிறது.

இதே ஸியோல்கோவ்ஸ்கி 1895 இல் எழுதிய நூலொன்றில் வானளாவிய கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்தார். அதில் ஏறுபவனின் நிறை மெல்லமெல்லக் குறைந்து, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இல்லாமற் போகும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1979 இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' நாவலில், நமது தீவைப் பூமத்திய கோட்டுக்கு நகர்த்தி, சிவனொளிபாத மலையை ஒத்த சிகரத்திலிருந்து எழுப்பியதும் அத்தகைய கோபுரமே. இக்கோபுரம் வேர்ணின் பிழையை மறுபுறத்திலிருந்து விளக்குகிறது. புவியோடு பிணைந்த ஒரு தூணில் நிற்பவனுக்கே நிறை படிப்படியாகக் குறைந்து ஒரு புள்ளியில் மறையும். புவியிலிருந்து சந்திரன்வரை அத்தகைய தூணொன்று நீண்டிருக்குமாயின், சுழற்சியை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், வேர்ண் சொன்ன இடத்திலேயே வில்தராசு பூச்சியத்தைக் காட்டும். பாபிக்கேனும் ஆர்தானும் நிக்கொலும் புறப்படவேயில்லை எனலாம். வரவேற்பறை புவியிலிருந்து ஒரு கணமும் கழரவில்லை. 'சந்திரனைச் சுற்றி' முடிவடைவதும் இதற்கேற்பவே. விண்வெளிப் போக்குவரத்துக்காகப் பத்துக் கோடி டொலர் மூலதனத்தில் கம்பனியொன்று நிறுவப்படுகிறது, பாபிக்கேன் தலைவராகிறார், கம்பனி முறிவடைந்தால் விசாரிக்கவேண்டிய நீதிபதியும் முன்கூட்டியே நியமிக்கப்படுகிறார். வேர்ணின் அங்கதம் இங்கு கூர்மையானது. அவரை முதலாளித்துவத்தின் வெறும் துதிபாடியாகக் கொள்வோர் இக்கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லைப் போலும்.

எனினும், இவ்வாய்வு ஒரு சங்கடத்தில் வந்து நிற்பதை மறைக்க இயலாது. ஸியோல்கோவ்ஸ்கியின் நாவலில் பௌதிகம் சரியானது, சமூகநோக்கு விரிந்தது. ஆனால் அதன் மாந்தருக்கு நியூற்றன், கலிலியோ, லாப்பிளாஸ், ஹெல்ம்ஹோல்ற்ஸ், பிராங்கிளின், இவானோவ் எனப் பெயர்கள் மட்டுமே உண்டு. நூலை மூடியபின் ஒருவரை மற்றவரிலிருந்து பிரித்தறிய என்னால் முடியவில்லை. நிக்கொலின் கையிலிருந்து நழுவி, விழவேண்டிய இடத்தில் விழாமல் நிற்கும் அந்தக் குவளையோ, பிழையென்று நன்கறிந்த பின்னரும் கண்ணைவிட்டு அகலவில்லை.